ஒரு கம்பைலருக்காக: சிக்வின் பிறந்த கதை

விண்டோஸ் கணினியில் யூனிக்ஸ் கட்டளைகளை ஓடவைக்கும் சிக்வின் என்ற மென்பொருள், ஒரு பொறியாளர் ஒரு கோப்பு வடிவத்தைக் கவனித்ததில் பிறந்தது. விண்டோஸுக்குள் யூனிக்ஸைக் கொண்டுவந்து குடிவைக்க வேண்டும் என்று அன்றைக்கு யாரும் திட்டம் போடவில்லை. ஒரு கம்பைலரை விண்டோஸில் ஓட்ட வேண்டும், அவ்வளவுதான் தேவை. மற்றதெல்லாம் அந்தத் தேவையின் பின்னால் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தவை.

ஆண்டு 1995. இடம் கலிபோர்னியாவின் சிக்னஸ் நிறுவனம். ஜான் கில்மோர், மைக்கேல் டீமன், டேவிட் ஹெங்கல்-வாலஸ் ஆகிய மூவர் 1989-ல் தொடங்கிய நிறுவனம் அது. கட்டற்ற மென்பொருளை வைத்து எப்படிப் பிழைப்பது என்று ஊரே கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், மென்பொருள் இலவசம், அதைப் பார்த்துக்கொள்வதற்குத்தான் காசு என்று கடை விரித்தவர்கள். அவர்களுடைய முக்கியமான சரக்கு க்னூ கம்பைலரான ஜிசிசி. புதிதாக ஒரு சிப் தயாரிக்கும் நிறுவனத்துக்கு, அந்தச் சிப்புக்கான நிரல்களை எழுத ஒரு கம்பைலர் வேண்டும். அதைச் சொந்தமாக எழுதுவதைவிட ஜிசிசியைத் தங்கள் சிப்புக்கு ஏற்றபடி மாற்றித் தரச் சொல்லி சிக்னஸிடம் பணம் கட்டுவது மலிவு. வியாபாரம் நன்றாகவே நடந்தது.

சிக்கல் வாடிக்கையாளரின் மேசையில் இருந்தது. சிக்னஸ் பொறியாளர்கள் சன் நிறுவனத்தின் பெரிய யூனிக்ஸ் இயந்திரங்களில் வேலை செய்தார்கள். வாடிக்கையாளர்களோ விலை குறைந்த பிசிக்களுக்கு, அதாவது விண்டோஸுக்கு, நகர்ந்துகொண்டிருந்தார்கள். அதுவரை அப்படிப்பட்டவர்களுக்கு டிஜேஜிபிபி என்ற டாஸ் பதிப்பைக் கொடுத்துச் சமாளித்தார்கள். அதை உருவாக்கியவர் டிஜே டெலோரி. ஜிசிசி அளவில் பெரியது, டாஸ் 16 பிட் அமைப்பு, அதில் இது ஓடாது என்று ஜிசிசியை எழுதிய ரிச்சர்ட் ஸ்டால்மன் ஒரு கூட்டத்தில் சொன்னதைக் கேட்டு, அதையே சவாலாக எடுத்துக்கொண்டு 1989-ல் செய்து காட்டியவர். 1996-ல் வந்த குவேக் விளையாட்டின் டாஸ் பதிப்பு அந்த டிஜேஜிபிபியில்தான் தயாரானது. ஆனால் டாஸின் காலம் முடிந்துகொண்டிருந்தது. விண்டோஸ் என்டியும் விண்டோஸ் 95-ம் வந்துவிட்டன.

சிக்னஸில் ஸ்டீவ் சேம்பர்லின் என்ற பொறியாளர் இருந்தார். பிஎஃப்டி என்ற லைப்ரரியை எழுதியவர்களில் முக்கியமானவர். கம்பைலர் வெளியே தள்ளும் ஆப்ஜெக்ட் கோப்பு ஒவ்வொரு இயங்குதளத்திலும் ஒவ்வொரு வடிவத்தில் இருக்கும். அத்தனை வடிவங்களையும் ஒரே வழியில் படிக்கவும் எழுதவும் உதவுவதுதான் பிஎஃப்டி. வருடக்கணக்காக இந்த வடிவங்களின் நடுவிலேயே உட்கார்ந்திருந்தவருக்கு, விண்டோஸின் ஆப்ஜெக்ட் கோப்பைத் திறந்ததும் அது பழகிய முகமாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை. அது காஃப் வடிவம். ஏடி அண்ட் டி நிறுவனத்தின் யூனிக்ஸ் சிஸ்டம் ஃபைவில் புழங்கிய அதே வடிவம். மைக்ரோசாஃப்ட் அதை எடுத்து, மேலே கொஞ்சம் சேர்த்துத் தன் எக்ஸிகியூட்டபிள் வடிவமாக்கியிருந்தது. இன்றைக்கும் நீங்கள் இரட்டை க்ளிக் செய்யும் ஒவ்வொரு எக்ஸி கோப்பின் வயிற்றுக்குள்ளும் யூனிக்ஸ் வழிவந்த அந்தத் தலைப்பு இருக்கிறது.

சேம்பர்லின் போட்ட கணக்கு இதுதான். ஜிசிசிக்கு இன்டெல் சிப் தெரியும். க்னூ கருவிகளுக்குக் காஃப் வடிவம் தெரியும். நியூலிப் என்ற சி லைப்ரரி சிக்னஸிடமே இருக்கிறது. மூன்றையும் சேர்த்தால் யூனிக்ஸ் இயந்திரத்தில் உட்கார்ந்தபடியே விண்டோஸ் எக்ஸி கோப்பைத் தயாரிக்கும் கிராஸ் கம்பைலர் ஒன்று கிடைக்க வேண்டும். கிடைத்தது. மாதிரி வடிவம் சீக்கிரமே ஓடத் தொடங்கிவிட்டது.

அதோடு நிறுத்தியிருந்தால் சிக்வின் இல்லை. அடுத்த கேள்வி, இந்தக் கம்பைலரை விண்டோஸிலேயே வைத்துக் கட்ட முடியுமா என்பது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை இங்கேதான் தொடங்குகிறது.

க்னூ மென்பொருள் எதைக் கட்டுவதாக இருந்தாலும் முதலில் ஓடுவது கான்ஃபிகர் என்ற ஸ்கிரிப்ட். ஆயிரக்கணக்கான வரிகள். இந்த இயந்திரத்தில் இந்தச் சார்பு இருக்கிறதா, அந்தத் தலைப்புக் கோப்பு இருக்கிறதா, முழு எண் எத்தனை பைட் என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு குட்டி நிரலை எழுதி, கம்பைல் செய்து, வேலை செய்கிறதா என்று பார்த்து, அழித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போகும். அது ஷெல் மொழியில் எழுதப்பட்டது. எனவே பாஷ் போன்ற ஒரு ஷெல் வேண்டும். அந்த ஸ்கிரிப்ட் வரிக்கு வரி கூப்பிடும் கிரெப், செட் போன்ற கருவிகளும் வேண்டும். பாஷ் ஓட வேண்டுமானால் யூனிக்ஸின் ஃபோர்க் வேண்டும். விண்டோஸில் இல்லாதது அதுதான்.

யூனிக்ஸில் ஒரு ப்ராசஸ் இன்னொன்றைப் பெறுவது தன்னையே இரண்டாக்கிக்கொண்டுதான். ஃபோர்க் என்று கூப்பிட்ட நொடியில் நினைவகம், திறந்து வைத்த கோப்புகள், நின்றுகொண்டிருக்கும் வரி உட்பட அச்சு அசலாக இன்னொரு பிரதி உண்டாகிவிடும். இரண்டும் அதே இடத்திலிருந்து ஓட்டத்தைத் தொடரும். தாய்க்குக் குழந்தையின் எண் கிடைக்கும், குழந்தைக்குச் சுழியம் கிடைக்கும். தான் யார் என்று அதை வைத்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். விண்டோஸின் வழக்கம் வேறு. இந்த எக்ஸி கோப்பை ஓட்டு என்று பெயரைச் சொல்லிக் கேட்டால், அது முதல் வரியிலிருந்து புதிதாகத் தொடங்கும். பாதி வழியில் நிற்கும் ஒன்றைப் பிரதி எடுக்க சாதாரண நிரலுக்கு வழியே கிடையாது.

சிக்வின் இதைச் சமாளித்த விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பாஷ் ஃபோர்க் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். சிக்வின் லைப்ரரி முதலில் அதே பாஷ் எக்ஸியை விண்டோஸிடம் சொல்லி இன்னொரு முறை தொடங்கவைக்கும், ஆனால் மூச்சு விடாமல் நிறுத்தி வைத்த நிலையில். பிறகு தாய் தான் நிற்கும் இடத்தைக் குறித்து, இருவருக்கும் பொதுவான நினைவகத்தில் எழுதி வைக்கும். அடுத்து தன் மாறிகளைப் பைட் பைட்டாகக் குழந்தையின் நினைவகத்துக்குள் நகலெடுக்கும். பிறகு குழந்தையை எழுப்பிவிட்டுத் தான் காத்திருக்கும். எழுந்த குழந்தை, நான் புதிதாகத் தொடங்கப்பட்டவனா, ஃபோர்க்கில் பிறந்தவனா என்று பொது நினைவகத்தைப் பார்க்கும். ஃபோர்க் என்று தெரிந்ததும், எழுதி வைத்த இடத்துக்கு ஒரே தாவலாகத் தாவும். அதன் பிறகுதான் தாய் தன் ஹீப்பையும் ஸ்டாக்கையும் நகலெடுத்துக் கொடுக்கும். யூனிக்ஸில் கெர்னல் ஓசையில்லாமல் செய்துவிடுகிற வேலைக்கு இத்தனை நாடகம்.

நாடகம் என்றால் நேரமும் ஆகும். கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் நூற்றுக்கணக்கான முறை ஃபோர்க் செய்யக்கூடியது. லினக்ஸில் தண்ணீர் குடித்து வருவதற்குள் முடிகிற கான்ஃபிகர், சிக்வினில் சாப்பிட்டு வந்தாலும் ஓடிக்கொண்டிருக்கும் என்பது அதைப் பயன்படுத்திய எல்லோருக்கும் தெரிந்த புலம்பல். அதைவிடப் பெரிய தொல்லை முகவரி. பிரதி பிரதியாக இருக்க வேண்டுமானால், தாயில் ஒரு டிஎல்எல், அதாவது நிரலோடு சேர்ந்து ஏறும் லைப்ரரி, எந்த நினைவக முகவரியில் ஏறியிருந்ததோ, குழந்தையிலும் அது அதே முகவரியில் ஏற வேண்டும். வீடு மாறும்போது ஒவ்வொரு டப்பாவும் பழைய வீட்டில் எந்தத் தட்டில் இருந்ததோ அதே தட்டில்தான் புது வீட்டிலும் இருக்க வேண்டும் என்று அடம்பிடிப்பது மாதிரி. அந்தத் தட்டில் ஆன்டிவைரஸ் முன்கூட்டியே தன் சாமானை வைத்துவிட்டால் ஃபோர்க் தோற்கும். அதற்கு மருந்தாக ரீபேஸ்ஆல் என்று ஒரு கட்டளை வந்தது. எல்லா சிக்வின் நிரல்களையும் மூடிவிட்டு, அதை ஓட்டி, டிஎல்எல்களுக்கெல்லாம் தனித்தனி முகவரி ஒதுக்க வேண்டும். பின்னாளில் நிறுவும் நிரலே அதைச் செய்துவிட ஆரம்பித்தது. ஃபோர்க்குக்கு இடைஞ்சல் செய்யும் மென்பொருள்களின் பட்டியல் ஒன்றைக்கூட சிக்வின்காரர்கள் வைத்திருக்கிறார்கள். அதில் பெரிய பெரிய ஆன்டிவைரஸ் பெயர்களெல்லாம் இருக்கும்.

ஃபோர்க் கிடைத்ததும் வழி முழுக்கத் திறந்துவிடவில்லை. யூனிக்ஸில் டிரைவ் எழுத்து கிடையாது, எல்லாம் ஒரே வேரிலிருந்து கிளைக்கும் மரம். எனவே சி டிரைவை சிக்டிரைவ் என்ற கிளையின் கீழ் ஒட்டவைத்தார்கள். விண்டோஸில் வரி முடிவுக்கு இரண்டு எழுத்து, யூனிக்ஸில் ஒன்று. நோட்பேடில் திருத்திய ஸ்கிரிப்டை பாஷ் ஓட்ட மறுத்து, கண்ணுக்கே தெரியாத ஓர் எழுத்தின் பெயரைச் சொல்லிப் புகார் செய்யும். இதற்காகப் பழைய நிறுவும் நிரல், உரைக்கோப்பு எந்த முறையில் இருக்கட்டும், டாஸா யூனிக்ஸா என்று ஆரம்பத்திலேயே கேட்கும். தெரியாமல் டாஸ் என்று சொன்னவர் பின்னால் பட்டபாடு தனிக் கதை. சிம்பாலிக் லிங்க்குக்கு, எங்கே போக வேண்டும் என்று உள்ளே எழுதி வைத்த ஒரு குட்டிக் கோப்பு. கோப்புப் பெயரில் முக்காற்புள்ளி வரக்கூடாது, கான், ஆக்ஸ் என்றெல்லாம் பெயர் வைக்கக்கூடாது என்ற விண்டோஸ் சட்டங்களுக்கும் ஒவ்வொரு சுற்றுவழி. இவை எதுவும் அழகான தீர்வுகள் அல்ல. எல்லாம் ஒட்டுப்போட்டவை. ஆனால் சூத்திரம் ஒன்றுதான்: யூனிக்ஸ் நிரலின் மூலநிரலைத் தொடாமல், அது கேட்பதை எல்லாம் நடுவில் ஒரு டிஎல்எல் நின்று மொழிபெயர்த்துத் தர வேண்டும். அந்தச் சூத்திரத்தை அவர்கள் கைவிடவே இல்லை.

1996-ல் வேறு பொறியாளர்களும் இதில் சேர்ந்தார்கள். ஜெஃப்ரி நோயர் தலைமை ஏற்றார். சிக்னஸுக்கு இதில் நேரடி லாபம் இருந்தது. வேகமான சன் இயந்திரத்தில் உட்கார்ந்து, விண்டோஸில் ஓடக்கூடிய, மிப்ஸ் சிப்புக்கு நிரல் தயாரிக்கும் கம்பைலரைக் கட்டலாம். ஓர் இயந்திரத்தில் கட்டி, இரண்டாவதில் ஓட்டி, மூன்றாவதற்கு நிரல் தயாரிக்கிற இந்த மும்முனை வேலை, அன்றைய பிசியிலேயே கட்டுவதைவிட விரைவாக முடிந்தது. நோயர் 1998-ல் சியாட்டிலில் நடந்த யூஸ்னிக்ஸ் விண்டோஸ் என்டி மாநாட்டில் இதைப் பற்றிக் கட்டுரை படித்தார். அப்போது இதன் பெயர் சிக்வின்32. வின்32 என்பது மைக்ரோசாஃப்டின் பதிவு செய்த வணிகக் குறி என்றானதும் 32 உதிர்ந்தது.

சரி, இந்த வேலையை மைக்ரோசாஃப்டே செய்திருக்கக் கூடாதா? செய்தது. அதுதான் வேடிக்கை. 1993-ல் வந்த முதல் விண்டோஸ் என்டியிலேயே போஸிக்ஸ் சப்சிஸ்டம் என்று ஒன்று இருந்தது. அமெரிக்க அரசு அலுவலகங்களுக்குக் கணினி வாங்கும்போது, யூனிக்ஸ் வகை அமைப்புகளுக்கான போஸிக்ஸ் தரம் வேண்டும் என்று விதி இருந்தது. டெண்டரில் அந்தக் கட்டத்தில் டிக் போடுவதற்காக வந்தது இது. ஷெல் கிடையாது, நெட்வொர்க் கிடையாது. ஒப்புக்குச் சப்பாணி. இதில் கசக்கிற விஷயம், என்டி கெர்னலுக்கு ஃபோர்க் செய்யவே தெரியும் என்பது. இந்தச் சப்சிஸ்டத்துக்காக அந்த வசதியை உள்ளே வைத்திருந்தார்கள். மேலே உட்கார்ந்திருந்த வின்32 அடுக்குதான் அதற்கு ஒத்துழைக்கவில்லை. கெர்னலில் இருப்பது சாதாரண நிரலுக்கு எட்டாததால்தான் சிக்வின் அத்தனை நாடகம் ஆட வேண்டியிருந்தது.

இதே வேலைக்குக் காசு கொடுத்து வாங்குகிறவர்களுக்கு எம்கேஎஸ் டூல்கிட் இருந்தது. ஏடி அண்ட் டியில் டேவிட் கார்ன் யூவின் என்று ஒன்றை எழுதிக்கொண்டிருந்தார். கார்ன் ஷெல்லை எழுதிய அதே கார்ன். ஒரு யூஸ்னிக்ஸ் என்டி மாநாட்டில் மைக்ரோசாஃப்ட் பேச்சாளர், யூனிக்ஸ்காரர்களுக்காக ஒரு தொகுப்பு வெளியிடப் போகிறோம், அதில் கார்ன் ஷெல் இருக்கும் என்றார். கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து, நீங்கள் எம்கேஎஸ்ஸிடமிருந்து எடுத்திருப்பது அசலோடு முழுக்கப் பொருந்தாதே என்றார். பேச்சாளர் விடவில்லை, பொருந்தும் என்று வாதாடினார். கடைசியில் வேறொருவர் எழுந்து, நீங்கள் வாதாடிக்கொண்டிருப்பது அந்த ஷெல்லை எழுதியவரோடு என்று சொல்ல வேண்டியதாயிற்று. இந்தச் சம்பவம் உண்மைதான் என்று கார்ன் பிற்பாடு உறுதி செய்தார்.

சாஃப்ட்வே சிஸ்டம்ஸ் என்ற நிறுவனம் செய்த இன்டெரிக்ஸ் இவற்றில் உருப்படியானது. நிஜமான சப்சிஸ்டம், நிஜமான ஃபோர்க். 1999-ல் மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தை வாங்கியது, சில ஆண்டுகள் இலவசமாகவும் கொடுத்தது, பிறகு கவனிப்பாரற்று விட்டது. விண்டோஸ் 8.1 வந்தபோது அது இல்லை. தொழில்நுட்பத்தில் சிக்வினைவிட அதுதான் மேல். ஆனால் வைத்துக் காப்பாற்ற ஆள் வேண்டுமே. டெண்டருக்காகவோ சந்தைக்காகவோ பிறந்தவை அந்தக் காரணம் தீர்ந்ததும் போய்விட்டன. தன் வேலைக்காக ஒரு பொறியாளர் கட்டிய ஒட்டுப்போட்ட சாமான் நின்றுவிட்டது. மூலநிரல் கையில் இருந்ததும், உடைந்தால் ஒட்டத் தெரிந்தவர்கள் விலகாமல் இருந்ததும்தான் காரணம் என்பேன்.

1999-ல் சிக்வின் 1.0 விலைக்கு வந்தது. அந்த ஆண்டு நவம்பரில் லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹேட் சிக்னஸை வாங்கப்போவதாக அறிவித்தது. அதற்குப் பிறகு விலை வைத்த பதிப்பு வரவில்லை. நிறுவும் நிரலை எழுதியவர் நாம் முன்னால் பார்த்த டிஜே டெலோரி. அதற்குள் அவரும் சிக்னஸுக்கு வந்துவிட்டிருந்தார். அந்த நிரலின் பழைய வடிவத்தைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். எந்த மிரர் தளம் என்று ஒரு நீண்ட பட்டியல். பிறகு ஆயிரக்கணக்கான பேக்கேஜ்கள் கொண்ட ஜன்னல். ஒவ்வொன்றின் எதிரிலும் ஸ்கிப் என்று எழுதியிருக்கும். பட்டன் மாதிரியே தெரியாத அந்தச் சொல்லின் மேல் க்ளிக் செய்தால் அது பதிப்பு எண்ணாக மாறும். அப்படி மாறினால்தான் அந்தப் பேக்கேஜ் இறங்கும். இது தெரியாதவர்கள் அடுத்து, அடுத்து என்று அமுக்கிக்கொண்டே போய், முடிவில் ஜிசிசியும் இல்லாமல் மேக்கும் இல்லாமல் வெறும் பாஷோடு நிற்பார்கள். தெரிந்ததாக நினைத்தவர்கள் எல்லாவற்றையும் இறக்கச் சொல்லிவிட்டு ராத்திரி முழுக்கக் காத்திருப்பார்கள். கழற்றுவதற்குத் தனி நிரல் கிடையாது, ஃபோல்டரையே அழிக்க வேண்டியதுதான்.

சிக்வின் திட்டத்துக்குக் கிறிஸ்டோபர் ஃபெய்லர் 1999-லிருந்து 2014 வரை தலைமை தாங்கினார். 2004 முதல் அவரோடு சேர்ந்து பொறுப்பில் இருந்த கொரினா வின்ஷென் அதன்பின் தலைமை ஏற்றார். அவர்கள் காலத்தில் 2009 டிசம்பரில் வந்த 1.7 பதிப்பு தமிழ் வாசகர்களுக்கு முக்கியமானது. அதுவரை சிக்வின் கோப்புப் பெயர்களை விண்டோஸின் பழைய ஆன்சி முறையில்தான் கேட்டு வாங்கியது. விண்டோஸில் தமிழுக்கு ஆன்சி கோட்பேஜ் கிடையாது, தமிழ் யூனிகோடில் மட்டும்தான். ஆகவே தமிழில் பெயர் வைத்த கோப்பு சிக்வினுக்குள் கேள்விக்குறிகளாகிவிடும், திறக்கவும் முடியாது. 1.7 விண்டோஸ் 95, 98 வகையறாவை உதறிவிட்டு, யூடிஎஃப்-8-ஐ இயல்பாக வைத்தது. ஒரு ஃபோல்டரில் இருக்கும் தமிழ்க் கோப்புகளைக் கட்டளை வரியில் பட்டியலிடவும் மொத்தமாகப் பெயர் மாற்றவும் அதில்தான் முடிந்தது.

சிக்வினின் பிள்ளைகள் வேறு திசையில் போனார்கள். 1998-ல் காலின் பீட்டர்ஸ் தொடங்கிய மின்ஜிடபிள்யூ, நடுவில் நிற்கும் டிஎல்எல் வேண்டாம், ஜிசிசியை வைத்து நேரடி விண்டோஸ் எக்ஸியே தயாரிப்போம் என்றது. அந்தக் கம்பைலரை ஓட்டுவதற்கும் ஷெல் வேண்டுமே, அதற்காக சிக்வினையே பிரித்தெடுத்து எம்சிஸ் என்று வைத்துக்கொண்டார்கள். பின்னால் புதிய சிக்வினிலிருந்து எம்சிஸ்2 தனியாகக் கிளைத்தது. பிரிந்து போனதற்கு உரிமமும் ஒரு காரணமாக இருந்தது. சிக்வின் டிஎல்எல்லோடு இணைத்த நிரலை வெளியிட வேண்டுமானால் அதைக் கட்டற்ற நிரலாக வெளியிட வேண்டும், இல்லையென்றால் தனி உரிமம் வாங்க வேண்டியிருந்தது. 2016-ல் இதைத் தளர்த்தி எல்ஜிபிஎல் ஆக்கினார்கள்.

அதே 2016 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் தன் பில்ட் மாநாட்டில், விண்டோஸுக்குள் லினக்ஸ் நிரல்களை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்லை அறிவித்தது. முதல் வடிவம் லினக்ஸ் நிரலின் கேள்விகளை என்டி கெர்னலிலேயே பிடித்து மொழிபெயர்த்தது. ஆண்ட்ராய்டு செயலிகளை விண்டோஸ் போனில் ஓட்டுவதற்காகத் தொடங்கிக் கைவிட்ட திட்டத்தின் மிச்சத்திலிருந்து வந்தது அது. கோப்பு வேலைகளில் மந்தமாக இருந்தது. 2019-ல் அறிவித்த இரண்டாம் வடிவத்தில் மொழிபெயர்ப்பையே விட்டுவிட்டு, ஒரு சிறிய மெய்நிகர் கணினிக்குள் நிஜ லினக்ஸ் கெர்னலையே வைத்தார்கள். இப்போது ஒரே கட்டளையில் உபுண்டு வந்து இறங்கிவிடுகிறது.

அதனால் லினக்ஸ் படிக்க வேண்டும், சர்வரில் ஓடப்போவதை வீட்டில் எழுதிப் பார்க்க வேண்டும் என்கிறவர்கள் டபிள்யூஎஸ்எல்லைப் போடுங்கள். அங்கே சிக்வினுக்கு வேலை இல்லை. லினக்ஸுக்காகக் கட்டிய நிரல் சிக்வினில் ஓடவும் ஓடாது, மூலநிரலிலிருந்து மறுபடி கட்ட வேண்டும். ஆனால் அட்மின் உரிமை தராத அலுவலக லேப்டாப்பில், விண்டோஸ் கோப்புகளின் மேலேயே கிரெப், ஆக், ஆர்சிங்க் போன்ற கருவிகளை ஓட்ட வேண்டுமென்றால் இன்றும் சிக்வின்தான் சுலபம். சாதாரணப் பயனராகவே நிறுவலாம், மெய்நிகர் கணினி எதுவும் வேண்டாம், ஒவ்வொரு கட்டளையும் ஒரு விண்டோஸ் ப்ராசஸாகவே டாஸ்க் மேனேஜரில் தெரியும். 2022-ல் 32 பிட் விண்டோஸுக்கான ஆதரவை நிறுத்தியதைத் தவிர, புதுப் பதிப்புகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

நிறுவாமலேயே அதன் வாரிசு உங்களிடம் இருக்கவும் கூடும். விண்டோஸில் கிட் போட்டிருந்தால், புரோகிராம் ஃபைல்ஸில் கிட் ஃபோல்டரைத் திறந்து, யூஎஸ்ஆர், அதற்குள் பின் என்று போங்கள். எம்சிஸ்-2.0 என்று ஒரு டிஎல்எல் இருக்கும். கிட் பாஷ் அதன் மேல்தான் ஓடுகிறது.